வைரம் பாய்ந்த விறகு

தை பிறந்து வெயில் ஏறத் தொடங்கினால், செஞ்சியைச் சுற்றி எந்தப் பக்கம் நின்றாலும் மரம் அறுக்கிற மிஷின் சத்தம் காதில் விழும். ராஜகிரிப் பாறையில் மோதி அது சற்றுத் தாமதமாகத் திரும்பி வருவதால், அறுப்பது ஒரு மிஷினா இரண்டா என்று தூரத்திலிருந்து சொல்ல முடியாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. அதற்கடுத்த வாரங்களில் இந்தச் சத்தம் ஓயவே இல்லை. எங்களுக்குப் பக்கத்திலிருக்கும் மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. எங்கள் பக்கத்து மரங்களைச் சாய்த்ததில் காற்றைவிட மழைக்குத்தான் பங்கு அதிகம் என்பேன். மண் கூழாகிவிட்டால் வேர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? எங்கள் கொல்லை வேம்பும் அப்படித்தான், முறியாமல், வேரோடு பெயர்ந்து மதில் மேல் சாய்ந்தது.

மிஷின் சத்தம் கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறவர் மிஷினையே தொடாத ஒருவர். சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு விறகு பிளக்க வருவார். பெரியவர் என்றுதான் கூப்பிடுவோம். தோளில் கோடாலி, கையில் ஒரு சாக்குப்பை. பைக்குள் இரண்டு இரும்பு ஆப்பு, ஒரு சம்மட்டி, துணியில் சுற்றிய அரம். வந்ததும் வேலையை ஆரம்பிக்க மாட்டார். கிடக்கும் கட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். குந்தி உட்கார்ந்து வெட்டு முகத்தைக் கையால் துடைத்து, வெயிலில் காய்ந்து ஓடியிருக்கும் வெடிப்பு எந்தத் திசைக்குப் போகிறது என்று பார்ப்பார். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் என்னிடம், "கணு இருக்கிற பக்கம் வாயக் குடுக்காத தம்பி. ஓரத்துலருந்து வா, கணு தானா தனியா வந்துரும்" என்பார். பிறகுதான் ஆப்பை வைப்பார். சம்மட்டி விழுந்ததும் புளியங்கட்டை 'கிர்ர்' என்று ஓர் ஒலியுடன் வாய் திறக்கும். வெளியே மஞ்சள் கலந்த வெளுப்பு, நடுவில் ஊதாக் கறுப்பாக வைரம். அந்த வைரத்தை அவர் தனியாக எடுத்து வைத்துவிடுவார். அது அடுப்புக்கில்லை, உலக்கைக்கோ, ஏர் சாமானுக்கோ யாராவது கேட்டு வருவார்கள்.

பெரிய அடிமரமாக இருந்தால் தன் மச்சானையும் கூட்டி வருவார். இரண்டு பக்கமும் பிடி வைத்த நீள ரம்பம். எதிரெதிரே உட்கார்ந்து இழுப்பார்கள். தள்ளுவது கிடையாது, இழுப்பது மட்டும்தான். தள்ளினால் தகடு வளைந்துவிடும். வேப்பம் பிசின் ஒட்டினால் மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்து ஒரு தடவு. அறுப்பு பாதி இறங்கியதும் மேலே ஒரு சின்ன ஆப்பைச் செருகுவார்கள். அது எதற்கென்று அன்று எனக்குப் புரியவில்லை. கட்டையின் கனம் அறுப்பின் வாயை மூடிக்கொண்டு ரம்பத்தைக் கடித்துவிடாமல் இருக்கத்தான். இன்றைக்கு மிஷின் வாங்குகிறவர்களில் பலரிடம் அந்த ஆப்பு இல்லை. மிஷினுக்குத்தான் இத்தனை வேகம் இருக்கிறதே, அது எதற்கு என்று நினைக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் இந்த மிஷின்கள் கூட்டமாகக் கண்ணில் படத் தொடங்கியது தானே புயலுக்குப் பிறகு என்றுதான் என் ஞாபகம். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய புயல் அது. பண்ருட்டி பக்கம் போய்ப் பார்த்தவர்கள் பேச முடியாமல் திரும்பி வந்தார்கள். தலைமுறை தலைமுறையாக நின்ற பலாவும் முந்திரியும் தோப்போடு படுத்துக் கிடந்தன. அவ்வளவு மரத்தைக் கோடாலியால் அப்புறப்படுத்த முடியாது. கண்ட கண்ட ஊரிலிருந்தெல்லாம் மிஷினோடு ஆட்கள் வந்தார்கள். அந்தப் பலாக்கட்டைகளில் எத்தனை வீணை ஆகியிருக்கக்கூடியவை, எத்தனை சூளைக்குள் போயின என்று நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

எங்கள் வேம்பு சாய்ந்த மறுவாரம் சித்தப்பா மகன் செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"ணா, 58 சிசி. 22 இஞ்ச் பாரு. வெலயும் கம்மிதான். ஒண்ணு வாங்கிப் போட்டுட்டா வருஷத்துக்கும் விறகுக் கவலையே இல்ல."

வீட்டில் விறகுக் கவலை இருப்பது உண்மைதான். 2007 வாக்கில் கலைஞர் ஆட்சியில் இலவச எரிவாயு அடுப்பு வந்தது. 2016இல் உஜ்வலா வந்தது. எங்கள் தெருவில் சிலிண்டர் இல்லாத வீடு இல்லை. ஆனாலும் கொல்லைப்புறத்து வெந்நீர் அடுப்பு அணைந்த வீடும் இல்லை. நெல் அவிக்க, ஆடியில் கூழ் காய்ச்ச, காதுகுத்துக்கும் கருமாதிக்கும் பந்தி சமைக்க விறகுதான் வேண்டும். சிலிண்டர் விலை ஏறும்போதெல்லாம் சோறும் அந்தக் கொல்லை அடுப்புக்கே போய்விடுகிறது. ஆகவே வாங்காதே என்று நான் சொல்லவில்லை. எந்த மரத்தை அறுக்கப் போகிறாய் என்று மட்டும் கேட்டேன். அவன் முழித்தான். ரம்பம் வாங்குவதில் முதல் கேள்வி அதுதான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. சிசி பிறகு வரட்டும்.

செஞ்சி வட்டாரத்தில் வீட்டு விறகென்றால் பாதிக்கு மேல் வேலிக்காத்தான். 1877இல் கடப்பை மாவட்டத்தில் விறகுத் தட்டுப்பாட்டுக்கு மருந்தாக வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விதைத்தது, இன்று ஏரி உள்வாயெல்லாம் அதுதான். நிலத்துக்கு அது செய்யும் கெடுதலை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அடுப்புக்கு அதை மிஞ்சிய விறகு எங்கள் பக்கத்தில் கிடையாது. ஈரம் முழுக்க வற்றாவிட்டாலும் எரியும், தணல் நிற்கும், புகை குறைவு. அந்தச் செடி ஒற்றைத் தண்டாக வளர்வதில்லை. அடியிலிருந்தே ஐந்தாறு கிளையாகப் பிரிந்து, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நிற்கும். மணிக்கட்டுப் பருமனிலிருந்து மிஞ்சினால் தொடைப் பருமன். அதற்குள் 22 அங்குல பாரை, அதாவது சங்கிலி சுற்றி ஓடும் தகட்டை, விட்டால் என்ன ஆகும்? நாம் அறுப்பது ஒரு கிளை. பாரின் மூக்கு நமக்குத் தெரியாமல் பின்னால் இருக்கும் இன்னொரு கிளையில் போய் இடிக்கும்.

அந்த இடி சாதாரண இடி அல்ல. சங்கிலி நொடிக்கு 20 மீட்டர் அளவில் ஓடுகிறது. பாரின் மூக்கில், மேல் கால்பகுதியில் சுற்றி இறங்கும் பல் ஒரு கட்டையில் குத்தினால் அதை அறுக்க முடியாமல் மாட்டிக்கொள்கிறது. இன்ஜின் நிற்கவில்லை. ஆகவே அந்த விசை முழுவதும் பாரையே மேலே தூக்கி, அறுக்கிறவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி வீசுகிறது. கண் இமைப்பதற்குள் நடந்து முடிந்துவிடும். கையை எடுக்க நேரமிருக்காது. கிக்பேக் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். இதற்காகவே முன்பிடிக்கு முன்னால் ஒரு கைக்காப்பு வைத்து, அதோடு பிரேக்கை இணைத்திருக்கிறார்கள். பார் எகிறும்போது இடது மணிக்கட்டு அதில் பட்டாலும் சரி, கை படாமல் எகிறிய வேகத்தாலேயே அது முன்னுக்குச் சாய்ந்தாலும் சரி, சங்கிலி நின்றுவிட வேண்டும்.

வேலிக்காத்தானுக்கும் வேப்பங்கிளைக்கும் 14 அல்லது 16 அங்குல பார், 30லிருந்து 45 சிசி வரை உள்ள இன்ஜின் தாராளம். 16 அங்குலத்தைவிடப் பருத்த கட்டை வந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் அறுத்துக்கொள்ளலாம். சின்ன இன்ஜினில் நீள பாரை மாட்டினால் சங்கிலியை இழுக்கவே அதற்குச் சக்தி போதாது. சக்தியுள்ள பெரிய இன்ஜினில் மாட்டினால் மிஷின் ஆறு ஏழு கிலோவாகிவிடும். அரை மணி நேரத்தில் தோள் தளரும். தளர்ந்த தோளில் இருக்கிற ரம்பத்தை நினைத்தாலே எனக்குப் பயம். 58 சிசி வேண்டியவர்கள் இருக்கிறார்கள். சாலையோரப் புளியை அடியோடு அறுக்கிற ஒப்பந்தக்காரர், தோப்பு எடுக்கிறவர். அது அவர்கள் தொழில். கொல்லை அடுப்புக்கு அது வேண்டாம்.

அவன் விடவில்லை. "பவர் இருந்தா சீக்கிரம் முடிஞ்சிடும்ல?"

இங்கே எனக்கு மறுபடி பெரியவர் வந்துவிடுகிறார். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு புளியமரத்து நிழலில் ரம்பத்தை இரண்டு கட்டைக்கு நடுவே நிமிர்த்தி நிறுத்தி, பல் பல்லாக அரம் போடுவார். ஒரு பல்லுக்கு இரண்டு இழுப்பு, மூன்று இழுப்பு. எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. ஒரு பல் உசந்தால் ரம்பம் கோணலாக ஓடும் என்பார். வேலைக்குக் கூப்பிட்ட வீட்டுக்காரர்கள், இவர் உட்கார்ந்து நேரத்தைப் போக்குகிறார் என்று முணுமுணுப்பதுண்டு. சாயங்காலம் அடுக்கிக் கிடக்கும் விறகைப் பார்த்ததும் அந்த முணுமுணுப்பு அடங்கிவிடும்.

மிஷின் சங்கிலியின் ஒரு பல்லைக் கையில் வைத்துப் பாருங்கள். விரல் நகத்தளவுதான் இருக்கும். முன்னால் ஒரு சின்ன மேடு, பின்னால் வளைந்த கூர்முனை. கூர்முனை மரத்தைச் சீவி எடுக்கிறது. எவ்வளவு ஆழம் சீவலாம் என்று முன்மேடு கட்டுப்படுத்துகிறது. இரண்டுக்கும் உயர வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்கு மேல் கொஞ்சம், அவ்வளவே. ஒரு பல் இடப்பக்கம் வளைந்திருந்தால் அடுத்தது வலப்பக்கம். இந்த வடிவத்தை முதலில் யோசித்தவர் ஜோ காக்ஸ் என்ற அமெரிக்க மரவெட்டி. 1946இல் ஓரிகன் மாநிலத்துக் காட்டில் விறகு பிளந்துகொண்டிருந்தபோது, மரத்தைக் குடைந்துபோகும் ஒரு வண்டுப் புழுவைப் பார்க்கிறார். இழையின் போக்கில், குறுக்கில் என்ற பேதமில்லாமல் அது நினைத்த பக்கமெல்லாம் குடைந்து போகிறது. கூர்ந்து பார்த்தால், அதன் தாடைகள் இடம், வலம், இடம், வலம் என்று மாறி மாறிச் சீவுகின்றன. அதைப் பார்த்து வீட்டு அடித்தளத்திலேயே இரும்பில் பல் செய்தார். அதற்கு முன்பிருந்த மிஷின் சங்கிலிகள் கைரம்பத்தின் பல்லையே வைத்து மரத்தைக் கீறிக்கொண்டிருந்தவை. இன்றைக்கு உலகத்தில் ஓடுகிற மிஷின்களில் பெரும்பாலும் அந்தப் புழுவின் தாடைதான் ஓடுகிறது.

அந்தப் புழு நமக்கும் புதிதல்ல. நம் மாமரத்தைத் துளைத்து, அடியில் மரத்தூளைக் குவித்து, நன்றாகக் காய்த்த கிளையைப் பட்டுப்போக வைக்கிற தண்டுத்துளைப்பானும் அதே நீள்கொம்பு வண்டுக் குடும்பம்தான். பண்ருட்டி முந்திரியின் வேரைக் குடைவதும் அதே குடும்பம். கம்பியை விட்டுக் குத்தி அதைக் கொல்லப் பார்த்திருக்கிறோம். குனிந்து அதன் வாயைப் பார்க்க நம்மில் யாருக்கும் தோன்றவில்லை. இதைச் சொல்லும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. சங்கிலி ரம்பத்தின் மூதாதை காட்டில் பிறக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்து மருத்துவர்கள் இருவர், ஜான் எயிட்கனும் ஜேம்ஸ் ஜெஃப்ரேயும், எலும்பை அறுக்கப் பல் வைத்த சங்கிலியைப் பயன்படுத்தினார்கள். இரண்டு முனையிலும் பிடி, கையால் இழுக்க வேண்டும். பெரியவரும் அவர் மச்சானும் இழுத்தது மாதிரியேதான். ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் 1926இல் கம்பெனி தொடங்கிச் செய்த முதல் மின்சார ரம்பத்தைப் பிடிக்கவும் இரண்டு ஆள் வேண்டியிருந்தது. ஒற்றை ஆள் கையில் அது அடங்குவதற்கு மேலும் ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆயிற்று.

ஆகவே அவனிடம் சொன்னேன்: சீக்கிரம் முடிவது பல்லால். கூரான 35 சிசி, மழுங்கின 58 சிசியைத் தோற்கடிக்கும். அறுக்கும்போது கீழே விழுவதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சீவலாக, அரிசி அளவில் விழுந்தால் பல் கூர். மாவாக, புகை வாசத்தோடு விழுந்தால் பல் போய்விட்டது. அந்த நிலையில் நாம் அழுத்துகிறோம். அழுத்தினால் பார் சூடாகிறது, கை சோர்கிறது, விபத்து நெருங்கி வருகிறது. ஒவ்வொரு தடவை பெட்ரோல் நிரப்பும்போதும் பல்லுக்கு இரண்டு மூன்று இழுப்பு அரம் போட்டால் போதும். அரம் உருண்டையாக இருக்க வேண்டும். அதன் அளவு சங்கிலியைப் பொறுத்தது. சின்ன மிஷினின் தாழ்ந்த சங்கிலிக்கு 4 மில்லிமீட்டர், அதற்கு அடுத்த அளவுக்கு 4.8. பல்லின் மேல் போட்டிருக்கும் சாய்வுக் கோட்டைப் பிடித்துக்கொண்டு, ஏறத்தாழ 30 டிகிரியில், உள்ளிருந்து வெளியே. அரத்தைத் திரும்ப இழுக்கும்போது பல்லில் தொடக்கூடாது.

செஞ்சியில் பல் மழுங்குவதற்குக் காரணங்கள் நிறைய. இது பாறை ஊர். மண்ணில் கிடக்கும் கட்டையை அப்படியே அறுத்து, பார் நுனி ஒரு தடவை தரையைத் தொட்டால் போதும். கருங்கல் பொடி முழுச் சங்கிலியையும் மழுக்கி எடுத்துவிடும். அடியில் இரண்டு கட்டையைப் போட்டுத் தூக்கி வைத்துத்தான் அறுக்க வேண்டும். பிறகு ஆணி. சாலையோர மரம் எதையும் பாருங்கள். டியூஷன் சென்டர், மூலம் பவுத்திரம், ரியல் எஸ்டேட் என்று ஆணி அடித்து மாட்டிய தகடுகள். தகடு உதிர்ந்து போகும். ஆணியை மரம் விழுங்கிவிடும். வேலியோரத்து மரம் முள்கம்பியையே விழுங்கியிருக்கும். கருவேலம் மாதிரித் துவர்ப்பு மிகுந்த மரத்தில் இரும்பு இருக்குமிடத்தைச் சுற்றி மைக்கறுப்பாகக் கறை ஓடியிருக்கும். அறுப்பில் அந்தக் கறையைக் கண்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். எங்கள் வேம்பில் துணி உலர்த்தக் கொடி கட்டிய கொக்கி ஒன்று உள்ளே இருந்தது. அது எந்த உயரத்தில் என்று அம்மாவுக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது. சரியாக அந்த இடத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டுக் கொடுத்தார்.

கோட்டையைப் பற்றிப் பேசாமல் செஞ்சிக்காரன் எதையும் பேசி முடிக்க முடியாது. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பதினொன்றோடு சேர்த்து யுனெஸ்கோ இதையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்தப் பன்னிரண்டில் தமிழ்நாட்டிலிருந்து இது ஒன்றுதான். வருகிறவர்களை நெற்களஞ்சியத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டுகிறார்கள். அந்தக் கவிந்த கூரைக்குக் கீழே நிற்கும்போது எனக்கு வேறொரு கணக்கு ஓடும். 1690லிருந்து 1698 வரை, ஏறக்குறைய எட்டு வருஷம் மராட்டிய அரசர் ராஜாராமையும் அவருக்குப் பின் இருந்தவர்களையும் ஜுல்ஃபிகார் கானின் முகலாயப் படை முற்றுகையிட்டது. நெல் இருந்தது, சுனையில் தண்ணீர் இருந்தது. அத்தனை பேருக்கும் உலை வைக்க விறகு? பாறை இடுக்கில் முளைத்த முள்ளும் புளியும் எத்தனை நாளைக்கு வரும்? முற்றுகை இடைவிட்ட மாதங்களில் சுமைசுமையாக ஏற்றியிருக்க வேண்டும். சரித்திரப் புத்தகங்களில் பீரங்கி வருகிறது, குதிரை வருகிறது, விறகு வெட்டியவர் வருவதில்லை. பாக்கமலைப் பக்கமிருந்து தலைச்சுமையாக விறகு கொண்டுவந்து கடைத்தெருவில் இறக்கி வைத்துவிட்டு, சும்மாட்டை உதறி முகம் துடைத்துக்கொண்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்களின் கழுத்து நரம்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மிஷின் வந்ததில் எனக்கு மகிழ்ச்சி உண்டென்றால் அது அந்தக் கழுத்துகளை நினைத்துத்தான்.

பெட்ரோலா, கரண்ட்டா என்ற கேள்வி அடுத்து வந்தது. வேலை முழுவதும் கொல்லைக்குள் என்றால் கரண்ட் ரம்பம் நல்லது என்பது என் கட்சி. கயிறு இழுக்க வேண்டாம், புகை இல்லை, சத்தமும் பாதி. 1800, 2000 வாட் மிஷின் 16 அங்குல பாரைச் சிரமமில்லாமல் ஓட்டும். ஒயர் மட்டும் தடிமனாக, 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியாக வாங்க வேண்டும். டேபிள் ஃபேன் ஒயரை இணைத்து இழுத்தால் வோல்ட்டேஜ் இறங்கி மோட்டார் கருகும். ஈரத்தில் எடுக்கவே கூடாது. புயலுக்கு அடுத்த நாட்களில் கரண்ட்டே இருக்காது என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். பேட்டரி ரம்பம் கைக்கு அடக்கமாக இருக்கிறது. விலைதான் இன்னும் வீட்டுக்காரர் கைக்கு அடக்கமாகவில்லை.

ஏரிக்கரைக்கும் வயலுக்கும் எடுத்துப் போவதென்றால் பெட்ரோல்தான். லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயிலா, 40 மில்லியா என்பது மிஷினுக்கு மிஷின் மாறும்; கூட வரும் புத்தகத்தில் போட்டிருப்பதை அளந்து ஊற்ற வேண்டும். இப்போது பங்க்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கலந்து வைத்த பெட்ரோலை டேங்க்கில் விட்டுவிட்டு ஆடியில் அறுத்த மிஷினைத் தையில் எடுத்தால் கார்புரேட்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு விறைத்துப் போயிருக்கும், கயிற்றை இழுத்தே கை ஓய்ந்துவிடும். வேலை முடிந்ததும் டேங்க்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. பாருக்கு ஊற்றும் எண்ணெயிலும் ஒன்று சொல்ல வேண்டும். பைக் கடையில் வடித்த கழிவு ஆயிலை ஊற்றுகிறவர்கள் அதிகம். அந்தக் கறுப்பு எண்ணெய் நம் சட்டையிலும் விறகிலும் தெறிக்கிறது. அந்த விறகில்தான் பிள்ளைக்குக் குளிக்கத் தண்ணீர் காய்கிறது, சமையலும் நடக்கிறது.

கம்பெனி எது என்று கேட்டால் ஷ்டீல், ஹஸ்க்வர்னா என்ற பெரிய பெயர்கள் இருக்கின்றன. நம் நாட்டுப் பெயர்களும் இருக்கின்றன. பெயரைவிட நான் பார்ப்பது, ஸ்பார்க் பிளக்கும் செயினும் பாரும் திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ திருவண்ணாமலையிலோ போன அன்றே கிடைக்குமா என்பதைத்தான். எங்கள் ஊர் மெக்கானிக்குகள் மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயரைப் பிரித்துப் பிரித்துக் கை பழகியவர்கள். இதுவும் அதே மாதிரி இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின்தான். உதிரி கிடைத்தால் அவர்களே ஓட்டிக் கொடுப்பார்கள். ஆன்லைனில் வந்த மிஷினின் கிளட்ச் போய், மாற்றுக் கிடைக்காமல் ஆட்டுக்கொட்டகையில் தொங்குவதைப் பல வீட்டில் பார்க்கலாம்.

கடையில் ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்ல வேண்டும். ஓடும்போது கைக்காப்பை முன்னுக்குத் தள்ளினால் சங்கிலி அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். வழுக்கிக்கொண்டே ஓடினால் அந்த மிஷின் வேண்டாம், எவ்வளவு மலிவானாலும். வலது பிடியின் பின்பக்கப் பூட்டை உள்ளங்கை அழுத்தாமல் ஆக்சிலேட்டர் வேலை செய்யக்கூடாது. பார் நுனியை ஒரு அட்டைக்கு மேலே பிடித்து முடுக்கினால் அட்டையில் எண்ணெய்க் கோடு மெல்லியதாக விழ வேண்டும். பிடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஸ்பிரிங் அல்லது ரப்பர் இருக்க வேண்டும். அது இல்லாத மிஷினை வருஷக்கணக்கில் பிடித்தவர்களுக்கு விரல் மரத்து வெளுத்துப்போகும் நோய் வருகிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவன் கேட்டது: "அப்போ எவ்ளோ பட்ஜெட்ணா?"

மிஷின் விலையோடு ஒரு ஹெல்மெட், முகத்துக்கு வலை, காதுக்கு அடைப்பு, பூட்ஸ், காலுக்குக் காப்புத்துணி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலையாகச் சொன்னேன். அவன் முகம் சுருங்கியது. ஃபெஞ்சலுக்குப் பிறகு சாலையில் அறுத்த பையன்களை நான் பார்த்தேன். மடித்துக் கட்டிய லுங்கி, ரப்பர் செருப்பு. ஊருக்கு வழி திறந்துவிட்டவர்கள் அவர்கள். அவர்களை இப்படி நிறுத்தி வைத்திருப்பது கூலி கொடுக்கிற நம் எல்லோருடைய குற்றம்தான். காப்புத்துணிக்குள் நீளநீளமான இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். சங்கிலி பட்டால் மேல்துணி கிழிந்து, அந்த இழைகள் சுருண்டு போய்ச் சக்கரத்தில் சிக்கி மிஷினை நிறுத்திவிடும். கால் தப்பிக்கும். இதில் பேரம் பேசக்கூடாது.

புயலில் விழுந்த மரம், வெட்டி வீழ்த்திய மரத்தைவிட ஆபத்தானது. எங்கள் வேம்பு மதில் மேல் கிடந்ததில் சில கிளைகள் வில்லாக வளைந்து தரையில் ஊன்றியிருந்தன. அதைச் சட்டென்று அறுத்தால் நிமிர்ந்து முகத்தில் அறையும். முதலில் அழுந்தியிருக்கும் உள்வளைவில் கொஞ்சம், பிறகு இழுபட்டிருக்கும் வெளிவளைவில் மெல்ல மெல்ல. வேரோடு பெயர்ந்த மண்தட்டு ஆளுயரத்துக்கு நிமிர்ந்து நின்றது. மேலே இருக்கும் மரத்தின் கனம் போனதும் அது தன் குழிக்கே திரும்பி விழும். குழிக்குள் பிள்ளைகள் இறங்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களை விரட்டிவிட்டு, முட்டுக் கொடுத்த பிறகுதான் அடிமரத்துக்குப் போனோம். அதுவும் நாங்களாகப் போகவில்லை. அடிமரத்துக்குத் தொழில்காரரைக் கூலிக்கு வைத்தோம். சொந்தமாக மிஷின் வாங்கினாலும் அடிமரமும், கரண்ட் கம்பியோரக் கிளையும், ஏணி மேல் ஏறி அறுப்பதும் வீட்டுக்காரர் வேலையில்லை.

வந்த தொழில்காரர் உடனே மிஷினை முடுக்கவில்லை. கட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குந்திப் பார்த்தார். எந்தப் பக்கம் அழுந்துகிறது, எந்தப் பக்கம் இழுக்கிறது என்று காலால் லேசாக உதைத்துப் பார்த்தார். இடுப்புப் பையில் இரண்டு ஆப்பு, இரும்பல்ல, பிளாஸ்டிக். சங்கிலி பட்டாலும் பல் போகாது என்றார். பாதி அறுத்ததும் அதை மேலே செருகினார். பெரியவர் பார்த்த மாதிரியேதான் இவரும் பார்த்தார்.

சொந்தக் கொல்லை வேம்புக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் பட்டா நிலமே ஆனாலும் பனைக்குக் கலெக்டர் அனுமதி வேண்டும், சந்தனத்துக்கு வனத்துறையிடம் போக வேண்டும், சாலையோரப் புளி நெடுஞ்சாலைத் துறையுடையது. புயலில் விழுந்து கிடக்கிறது என்பதால் அது நம்முடையதாகிவிடாது.

கடைசியில் அவன் வாங்கியது 16 அங்குலம். பெட்ரோல் மிஷின், பிரேக் சுத்தமாகப் பிடிக்கிறது, உருண்டை அரமும் கூடவே. கிளைகளைத் துண்டு போட ஆரம்பித்ததும் அம்மா கையில் ஒரு குச்சியோடு வந்து நின்றார். "இந்த அளவுக்கு அறுடா. அடுப்பு வாய்க்கு ஒரு மொழம் இருந்தா போதும். நீளமா விட்டா வெளிய நீட்டிக்கிட்டு கெடக்கும், புள்ளைங்க காலத் தட்டும்." நாங்கள் இவ்வளவு நேரம் பேசிய பேச்சில் அடுப்பின் வாய் எவ்வளவு என்று யாரும் கேட்டிருக்கவில்லை. அந்தக் குச்சியை அளவாக வைத்தே எல்லாம் அறுபட்டது. பச்சை வேம்பில் பாதிக்குப் பாதி தண்ணீர். பிளந்து, மதிலோரம் காற்றுப் போக இடம் விட்டு, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டோம். பக்கத்தையும் மூடினால் புழுங்கிப் பூசணம் பிடிக்கும். ஒரு கோடை முழுக்கக் காய்ந்த பிறகுதான் அதை அடுப்பில் வைக்க வேண்டும். முன்னாலேயே வைத்தால் புகை வீட்டுப் பெண்களின் நெஞ்சுக்குள்தான் போகும்.

அடிமரத்தில் ஆறடி நீளத்துக்கு ஒரு துண்டை மட்டும் விறகாக்க வேண்டாம் என்று நிறுத்திவைத்தேன். வெட்டு முகத்தில் செந்தவிட்டு நிறத்தில் வைரம் நல்ல அகலம். மிஷினிலேயே பலகை போட்டுத் தருகிறேன் என்று சித்தப்பா மகன் சொன்னான். விறகு அறுக்கிற சங்கிலி மரத்தைக் குறுக்கே அறுக்கச் செய்தது. இழையோடு நீளவாக்கில் போனால் இன்ஜின் திணறும், பலகையும் மேடுபள்ளமாக வரும். அறுவை மில்லுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். தச்சர் வந்து பார்த்துவிட்டு, இரண்டு முனையிலும் சாணியும் களிமண்ணும் குழைத்துப் பூசச் சொன்னார், வெடிக்காமல் இருக்க. இந்த வெயில் காலம் போகட்டும், அதற்குள் மில்லில் அறுத்து நிழலில் அடுக்கி வையுங்கள், மாட்டுக்கொட்டகை வாசல்காலுக்கு அளவெடுக்க நானே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.